வெளிநாட்டுப் படிப்புக்கு முந்தைய கோடை: சென்னையா, மதுரையா, நம்ம கரையா?

ஏப்ரல் கடைசியில் செமஸ்டர் தேர்வு முடிந்ததும், எங்கள் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் கீழக்கரை, மண்டபம், தேவிபட்டினம், தொண்டி பக்கத்துப் பிள்ளைகள் சிலர் ஒரே கேள்வியோடு என்னிடம் வருவார்கள். செப்டம்பரிலோ அக்டோபரிலோ வெளிநாட்டில் முதுகலை சேரப் போகிறார்கள். அட்மிஷன் கடிதம் கையில் இருக்கும், இல்லையென்றால் இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கும். நடுவில் நாலைந்து மாதம் கிடக்கிறது. இந்தக் கோடையில் எந்த வகுப்பில் சேருவது?

நம்ம பக்கத்தில் இதற்கு மூன்று வழி இருக்கிறது. சென்னைக்குப் போய் ஹாஸ்டலில் தங்கி மொழி வகுப்பிலோ பயிற்சி வகுப்பிலோ சேரலாம். மதுரைக்கு தினமும் போய்வந்து படிக்கலாம். ஊரிலேயே இருந்து, பக்கத்துக் கல்லூரியிலோ ஆராய்ச்சி நிலையத்திலோ ஒரு கோடைப் பயிற்சியும், ஆன்லைனில் ஒரு பாடமும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த மாவட்டத்தில் கல்லூரிப் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகிற நாட்டின் மொழி தேவைப்படுகிறவர்கள் சென்னைக்குப் போகட்டும். மற்றவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஊர்தான் சரி. மதுரைக்கு தினமும் போய்வருவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

எதை வைத்து அளப்பது

பெற்றோர்கள் சான்றிதழை வைத்து அளக்கிறார்கள், பிள்ளைகள் கூட்டாளிகள் எங்கே சேருகிறார்கள் என்பதை வைத்து. நான் பார்ப்பது வேறு. அங்கே போய் முதல் மூன்று மாதத்தில் நம் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள்? பாடம் புரியாமல் தடுமாறுகிறவர்கள் குறைவு. யாரும் சொல்லாமல் தானாக உட்கார்ந்து படிக்கத் தெரியாமல்தான் தடுமாறுகிறார்கள்.

ஐரோப்பாவில் படிப்பை ஈ.சி.டி.எஸ். கிரெடிட் என்று கணக்கிடுவார்கள். ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஒரு பாடத்துக்கு 6 கிரெடிட் என்று வைத்துக்கொள்ளுங்கள், 150 முதல் 180 மணி நேரம் ஆகிறது. அதில் வகுப்பில் உட்காருவது வாரத்துக்கு நாலு மணி நேரம் என்றால், ஒரு செமஸ்டருக்கு அறுபது மணி நேரம்கூட வராது. மீதி நூறு மணி நேரமும் நீங்களும் புத்தகமும்தான். கட்டுரையை எழுதி, திருத்தி, மறுபடியும் எழுத வேண்டும். நமக்குப் பழக்கம் வேறு. காலை பத்து மணிக்கு வகுப்பு, அட்டெண்டன்ஸ், உள்மதிப்பீடு 25, கடைசியில் மூன்று மணி நேரத் தேர்வில் 75. வருடம் முழுக்க யாராவது ஒருவர் பிடித்து உட்கார வைத்திருப்பார். அங்கே அந்தக் கை இருக்காது.

அதனால் கோடை வகுப்பைப் பற்றி நான் கேட்பது ஒன்றுதான்: இந்த வகுப்பு உன்னைத் தனியாக உட்காரப் பழக்குமா? மொழி தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் அதோடு இன்னொன்று: வாயைத் திறக்க வைக்குமா?

நாள் கணக்கு

வகுப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் காலண்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பெரும்பாலும் செப்டம்பரில் வகுப்பு தொடங்கும். ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 என்று கணக்கு, பாடம் ஆரம்பிப்பது அக்டோபர் நடுவில். அப்படியானால் மே தொடங்கி நாலரை மாதமோ ஐந்தரை மாதமோ இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அவ்வளவு இல்லை.

ரிசல்ட் வந்ததும் மதிப்பெண் பட்டியலையும் புரொவிஷனல் சான்றிதழையும் வாங்க வேண்டும், டிரான்ஸ்கிரிப்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கலைக் கல்லூரிப் பிள்ளைகள் இதற்காகத் தேவகோட்டை வழியாகக் காரைக்குடிக்கு அழகப்பா பல்கலைக்கழகம் போவார்கள். பொறியியல் என்றால் அண்ணா பல்கலைக்கழகம், சென்னை. ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்கு நம் படிப்புச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் 2022 நவம்பர் முதல் கட்டாயம். அதோடு பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் ஒரு பகுதி மட்டுமே எடுக்க முடிகிற கணக்கு) ஒரு வருடச் செலவுப் பணம் போட வேண்டும், 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. பிரிட்டன் என்றால் பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருந்ததைக் காட்ட வேண்டும், காசநோய்ப் பரிசோதனையும் செய்ய வேண்டும். விசா மையம் சென்னையில். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிக்குச் சொத்துப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ் என்று நாலு நடை.

கடற்கரையில் இருக்கிறவர்களுக்கு இதில் ஒவ்வொன்றும் ஒரு முழு நாள், சிலது இரண்டு. இவையெல்லாம் ஜூனில் தொடங்கி ஜூலை, ஆகஸ்டில் குவியும். ஆகவே கனமான வகுப்பு எதுவாக இருந்தாலும் மே, ஜூனில் முடித்துவிடுங்கள். ஒரு நாள் விட்டால் பிடிக்கவே முடியாது என்கிற மாதிரி வகுப்பில் ஜூலையில் உட்காராதீர்கள். ஆகஸ்டில் வகுப்பே வேண்டாம்.

இன்னொரு இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஆன்லைன் பாடங்களான என்.பி.டி.இ.எல். ஜனவரி–ஏப்ரல், ஜூலை–அக்டோபர் என்று இரண்டு பருவமாக நடக்கின்றன. ஜூலையில் 12 வாரப் பாடத்தில் பதிவு செய்தால் அதன் தேர்வு வருவதற்குள் நீங்கள் விமானம் ஏறியிருப்பீர்கள். வாராவாரம் அசைன்மென்ட் போட்டு நூற்றுக்கு நூறு வாங்கினாலும் அதற்கு 25 சதவீதம்தான், மீதி 75 நேரில் போய் எழுதும் தேர்வுக்கு. தேர்வு எழுதாவிட்டால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் வேண்டும் என்றால் நாலு வாரப் பாடமாகப் பார்த்து, தேர்வுத் தேதி பயணத்துக்கு முன்னால் வருகிறதா என்று சரிபார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். சான்றிதழ் வேண்டாம், பாடம்தான் வேண்டும் என்றால் பழைய வீடியோக்கள் யூடியூபில் இலவசமாக இருக்கின்றன. மே மாதத்திலேயே ஆரம்பித்துவிடலாம். ஆன்லைன் பாடம் என்று இந்தக் கட்டுரையில் நான் சொல்வது இதைத்தான்.

அரியர் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நவம்பரில் எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், நவம்பரில் நீங்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். இறுதியாண்டுக்குத் துணைத்தேர்வு உண்டா, எப்போது என்று மே முதல் வாரத்திலேயே கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். அந்த ஒரு பேப்பர் முடியும்வரை உங்களுக்கு வேறு கோடை வகுப்பு எதுவும் தேவையில்லை.

சென்னை

ராத்திரி ரயிலில் ஏறினால் காலையில் சென்னை. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றபிறகு, ராமேஸ்வரம் தீவுப் பிள்ளைகள் மண்டபமோ ராமநாதபுரமோ வந்துதான் ஏற வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறந்தபின் ராமேஸ்வரத்திலேயே மறுபடி ஏறலாம். பெட்டியும் படுக்கையுமாகப் போகிற பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சென்னையின் பலம் மொழி வகுப்பு. ஜெர்மனுக்கு மாக்ஸ் முல்லர் பவன் என்று சொல்லப்படும் கோத்தே நிலையம், பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ், இரண்டுமே நுங்கம்பாக்கத்தில். கோத்தே கணக்குப்படி, முதல் படியான ஏ1 தேர்வுக்குத் தயாராக, 45 நிமிடப் பாடவேளைகள் 80 முதல் 200 வரை தேவைப்படும். ஒரு நாளைக்கு நாலு பாடவேளை, வாரம் ஐந்து நாள் என்று 160 பாடவேளை எடுத்தால் எட்டு வாரம். மே முதல் வாரம் தொடங்கினால் ஜூன் கடைசியில் முடியும். நான் மேலே சொன்ன காலண்டருக்கு இது அச்சாகப் பொருந்துகிறது.

நல்ல மொழி வகுப்பில் முதல் நாளே பெயர், ஊர், என்ன படிக்கிறாய் என்பதைப் பக்கத்தில் இருக்கிறவரிடம் புது மொழியில் கேட்டுச் சொல்ல வைப்பார்கள். தப்பாகச் சொன்னால் திருத்துவார்கள், உடனே மறுபடி சொல்ல வைப்பார்கள். வகுப்பில் பன்னிரண்டு வருடம் வாய் திறக்காமலே முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு இது பெரிய அதிர்ச்சி. இரண்டு வாரம் கூசும், மூன்றாவது வாரம் கூச்சம் போய்விடும். ஆன்லைனில் கேமராவை அணைத்துவிட்டு உட்காருகிறவர்களுக்கு இது நடப்பதே இல்லை. அதனால்தான் மொழி வகுப்பை மட்டும் நேரில் போய்ப் படியுங்கள் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன்.

ஜெர்மனியில் ஆங்கில வழியில் படிக்கப் போகிறவருக்கு ஜெர்மன் எதற்கு என்று கேட்பார்கள். பாடத்துக்குத் தேவைப்படாமல் இருக்கலாம். வீட்டுக்காரரிடம் பேச, நகராட்சியில் முகவரியைப் பதிய, கடையில் பகுதிநேர வேலை கேட்க அது வேண்டும். ஏ1-ஐ முழுதாக முடித்துத் தேர்வு எழுதிவிடுங்கள். ஏ2-வில் பாதி படித்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்குக் கட்டணம்தான் போகிறது.

சென்னையின் இன்னொரு பலம், வீட்டை விட்டு இருப்பது. துணி துவைப்பதில் தொடங்கி, கையில் இருக்கிற பணத்தை மாதக் கடைசி வரை இழுப்பது, காய்ச்சல் வந்தால் தானே மருந்துக் கடைக்குப் போவது வரை எல்லாவற்றையும் கீழக்கரை வீட்டில் உம்மாவும் ராத்தாவும் பார்த்துக்கொண்டார்கள் என்றால், அதை முதன்முதலாக டப்ளினில் பழக வேண்டியதில்லை.

பலவீனமும் இருக்கிறது. செலவு அதிகம். கட்டணம் ஒரு பக்கம், ஹாஸ்டல் வாடகையும் சாப்பாடும் இன்னொரு பக்கம். மீனவக் குடும்பத்துக்கு இது மிக மோசமான நேரத்தில் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கிடக்கும்போது அரசு தரும் நிவாரணம் குடும்பம் ஓடவே போதாது. அதே இரண்டு மாதத்தில் படகைக் கரையேற்றி மராமத்தும் பார்த்தாக வேண்டும். அந்த வீட்டில் போய், புள்ளையை மே மாதம் சென்னைக்கு அனுப்புங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மொழி உண்மையிலேயே தேவை என்றால் மட்டும் சொல்வேன்.

இன்னொரு எச்சரிக்கை. ஐ.இ.எல்.டி.எஸ். என்கிற ஆங்கிலத் திறன் தேர்வுக்கான பயிற்சி, நோக்க அறிக்கை எழுதுவது, விசா வழிகாட்டல் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கும் வகுப்புகள் சென்னையில் நிறைய. அட்மிஷன் கையில் வந்தவருக்கு அதில் பாதி தேவைப்படாது. எது தேவையோ அதை மட்டும் தனியாக வாங்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் வேறு இடம் பாருங்கள்.

மதுரை

ராமநாதபுரத்திலிருந்து மதுரை சுமார் 115 கிலோமீட்டர். பஸ்ஸில் போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம், கீழக்கரையிலிருந்தோ மண்டபத்திலிருந்தோ என்றால் இன்னும் அதிகம். வகுப்பு இரண்டு மணி நேரம். வீட்டுச் சாப்பாடு, ஹாஸ்டல் செலவு மிச்சம் என்று பெற்றோருக்கு மனசுக்குச் சமாதானமாக இருக்கும். பிள்ளை அக்னி நட்சத்திர வெயிலில் வீடு வந்து சேரும்போது புத்தகத்தைத் தொடும் நிலையில் இருப்பதில்லை. வகுப்பில் கேட்டதைத் தானாக உட்கார்ந்து பார்க்க நேரமே இல்லாத ஏற்பாடு இது. நான் சொன்ன அளவுகோலில் மூன்று வழிகளில் இதுதான் கடைசி.

மதுரையில் சித்தப்பா வீடோ மாமா வீடோ இருந்து, ஒரு மாதம் அங்கேயே தங்கலாம் என்றால் கதை வேறு. மற்றபடி, ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வை எழுத மதுரைக்குப் போங்கள். படிப்பதை ஊரில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேர்வின் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். கேட்டல் பகுதி சுமார் முப்பது நிமிடம், ஒலிப்பதிவு ஒரே ஒரு தடவைதான் ஓடும். வாசிப்பு ஒரு மணி நேரம், எழுத்து ஒரு மணி நேரம், அப்புறம் பதினொன்று முதல் பதினான்கு நிமிடம் நேருக்கு நேர் பேச்சு. முதல் இரண்டையும் மாதிரித் தேர்வு வைத்து வீட்டிலேயே பழகலாம். எழுத்துக்கும் பேச்சுக்கும் மட்டும் இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் உங்கள் கல்லூரி ஆங்கிலத் துறையிலேயே இருப்பார், கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்.

நம்ம கரை

ஊரில் இருப்பது என்றால் வீட்டில் படுத்துக்கொண்டு போனில் வீடியோ பார்ப்பது என்று அர்த்தமில்லை. அப்படி இருந்தால் நான் சென்னைக்கே ஓட்டுப் போடுவேன். ஊர்க் கோடைக்கு இரண்டு கால் வேண்டும்: நேரில் போய் நிற்கிற ஒரு பயிற்சி, தானாக உட்கார்ந்து முடிக்கிற ஒரு பாடம்.

கடல் உயிரியல், மீன்வளம், சுற்றுச்சூழல் படிக்கிறவர்களுக்கு நம்ம கரையை மிஞ்சிய இடம் கிடையாது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1971-ல் கொச்சிக்கு மாறும்வரை அதன் தலைமையிடம் மண்டபம்தான். இன்றைக்கும் அங்கே அதன் மையம் இயங்குகிறது. இந்தியாவில் கோபியா என்கிற கடல் விறாலை முதன்முதலாக அடைப்பில் வைத்துக் குஞ்சு பொரிக்க வைத்தது 2010-ல் அங்கேதான். தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல், கடலோர ஆய்வுத் துறை இருக்கிறது. ஜெர்மனியின் பிரேமனிலோ கீலிலோ கடல் அறிவியல் படிக்கப் போகிற பிள்ளை, மன்னார் வளைகுடாவின் தீவுகளைப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் போனால் எனக்கு மனசு ஆறாது. இப்படிப்பட்ட இடங்களில் கோடைப் பயிற்சி கேட்பதற்குத் துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். அதைப் பிப்ரவரியிலேயே அனுப்புங்கள். ஏப்ரலில் போய் நின்றால் இடம் இருக்காது.

அங்கே கற்பது ஆடம்பரமான விஷயம் எதுவும் இல்லை. வடகடல் பக்கம், அதாவது பாக் விரிகுடாவில், முழங்கால் ஆழத்தில் கடல்புல் இருக்கும், அரை மீட்டருக்கு அரை மீட்டர் சட்டத்தை அதன் மேல் வைக்கச் சொல்வார்கள். சட்டத்துக்குள் எத்தனை வகைப் புல், எவ்வளவு பரப்பை மூடியிருக்கிறது, அடியில் மணலா சேறா, நேரம் என்ன, தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று எழுத வேண்டும். பத்தடி நகர்ந்து மறுபடி சட்டம், மறுபடி எழுத்து. முதுகு வலிக்கும், பென்சில் நனையும். ஆவுளியா என்கிற கடல்பசு தின்கிற தீனி இந்தப் புல்தான். பாக் விரிகுடாவின் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் 2022-ல் ஆவுளியாவுக்கென்று காப்பகம் அறிவித்தார்கள், புல் இல்லையென்றால் அந்தக் காப்பகத்துக்குப் பொருளே இல்லை. இப்படிப் பத்து நாள் சட்டம் வைத்து எழுதியவர், அங்கே போய் ஆய்வகத்தில் முதல் அறிக்கை எழுதச் சொல்லும்போது திகைக்க மாட்டார்.

ஆனால் நம் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் போவது வணிக நிர்வாகத்துக்கும் டேட்டா சயின்ஸுக்கும்தான். அவர்களுக்கும் கரையில் வேலை இருக்கிறது.

வணிகம் படித்த பாம்பன் பையன் ஒருவனை மீன் ஏலத்துக்கு அனுப்பினேன். தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மட்டும் போகும். அதனால் வரத்து குறைந்து, விலையைக் கவனிக்க நல்ல நேரம். ஒரு நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தேன். தேதி, மணி, மீன், கிலோ, ஏலம் தொடங்கிய விலை, முடிந்த விலை, எடுத்தவர் உள்ளூர் வியாபாரியா வெளியூர் லாரிக்காரரா. அவன் அம்மா வந்து கேட்டார்: "என்ன சார், வெளிநாடு போயிப் படிக்கப் போற புள்ளைக்கு ஏலக்கடையில என்ன சார் வேலை? அவுகப்பா நின்ன எடத்துலயே இவனும் நிக்கணுமா?" நியாயமான கேள்வி. "நிக்கிறதுக்கு இல்லம்மா, எழுதுறதுக்கு" என்றேன். அவர் முழுதாகச் சமாதானமாகவில்லை.

பையன் எழுதினான். விளைமீனும் சீலாவும் தடைக்காலத்தில் ஏறி இறங்கின, நண்டு மட்டும் அவ்வளவாக அசையவில்லை. ஏன் என்று கேட்டேன், தெரியவில்லை. போய்க் கேட்டுவிட்டு வரச் சொன்னேன். நண்டுக்காரர்கள் பலர் ஏஜென்டிடம் முன்பணம் வாங்கியவர்கள், அவருக்கே கொடுக்க வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான், அந்த நண்டு ஏலத்துக்கே வருவதில்லை என்று தெரிந்துகொண்டு வந்தான். பிறகு இதை ஆங்கிலத்தில் இரண்டாயிரம் சொல்லில் எழுதச் சொன்னேன். முதல் பிரதியில் மூன்று பக்கம் இந்திய மீன்வளத்தைப் பற்றி இணையத்திலிருந்து எடுத்த பொது அறிமுகம். அதை அடித்துவிட்டு, நண்டிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். அடுத்த பிரதி பாதி நீளம்தான் இருந்தது. இலக்கணத் தப்புகள் இருந்தன, ஆனால் ஒவ்வொரு வரியும் அவனுடையது.

இதைத்தான் எந்த வகுப்பும் காசுக்குத் தராது என்கிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் அடுத்தவர் எழுத்தை எடுத்து ஒட்டினால் மென்பொருள் பிடித்துவிடும், தண்டனையும் கடுமை. நோட்ஸைப் படித்து அப்படியே எழுதிப் பழகிய நம் பிள்ளைகளில் சிலர் அது தப்பு என்று தெரியாமலே மாட்டிக்கொள்கிறார்கள். தானே பார்த்த ஒன்றைத் தன் சொல்லில் எழுதிப் பழக ஒரு கோடை போதும். டேட்டா சயின்ஸ் போகிறவர் அதே நோட்டை அட்டவணையாக்கிப் பைத்தானில் வரைபடம் போடலாம், அதற்குத் தேவையான பாடத்தை யூடியூபிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தானாக உட்கார்ந்து முடிக்கிற பாடம் என்று நான் சொன்னது அதுதான்.

ஊரின் கஷ்டம் இடமும் நேரமும். மே மாதத்தில் வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். படகு கரையில் கிடப்பதால் அப்பா, அண்ணன், தம்பி எல்லோரும் வீட்டில். கீழக்கரைப் பக்கம் என்றால் வெளிநாட்டிலிருந்து வாப்பா, காக்கா (அண்ணன்) விடுமுறையில் வந்திருப்பார்கள், கல்யாண வீடுகளும் தொடர்ந்து வரும். "அங்க போனா எப்பப் பார்ப்போம், இப்பவாவது கூட இரு" என்று மாமி சொன்னால் எழுந்து போக மனசு வராது, போகவும் வேண்டாம். காலை நேரத்தை மட்டும் உங்களுக்கென்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மணி முதல் பத்து மணி வரை, வெயில் ஏறுவதற்கு முன்னால். அதற்குப் பிறகு கல்யாணத்துக்குப் போங்கள். வீட்டில் இடமே இல்லையென்றால் ராமநாதபுரம் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, பல கல்லூரி நூலகங்களும் விடுமுறையில் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். இந்த நாலு மணி நேரத்தை இரண்டு வாரம் காப்பாற்ற முடியவில்லை என்றால், ஊர் உங்களுக்கு ஒத்துவராது. மே நடுவிலேயே முடிவை மாற்றிக்கொண்டு சென்னைக்கோ மதுரைக்கோ போய்த் தங்குங்கள், ஜூனில் மாற்றினால் பயன் இல்லை.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் என் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. விமானம் ஏறும் நாள்வரை பக்கத்துத் தெருவுக்குக்கூடத் தனியாக அனுப்பாமல் வைத்திருந்து, பிறகு ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் தனியாக அனுப்புகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு அது எவ்வளவு பாரம் என்று பெற்றோர் யோசிக்க வேண்டும். மொழி தேவையில்லை என்றாலும்கூட, ஒரு நாலு வாரம் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற மாதிரி ஏற்பாடு செய்யுங்கள். சென்னைதான் என்று இல்லை, காரைக்குடியாக இருந்தாலும் போதும். வாரக் கடைசியில் வாப்பாவோ அண்ணனோ போய்ப் பார்க்கலாம், கூட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது.

ஒரே ஒரு செமஸ்டர் மட்டும் வெளியே படித்துவிட்டு இங்கேயே திரும்புகிறவர்களும் இப்போது ஓரிருவர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கோடையின் முதல் வேலை வகுப்பு அல்ல, காகிதம். அங்கே எடுக்கிற எந்தப் பாடத்துக்கு இங்கே எந்தப் பாடம் ஈடு, எத்தனை கிரெடிட் என்று துறையிலும் தேர்வுப் பிரிவிலும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். "பார்த்துக்கலாம்" என்று வாய்ச்சொல்லோடு போய்விட்டு வந்து, விட்டுப்போன பேப்பர்களை ஜூனியர்களோடு உட்கார்ந்து எழுதுவது வேதனை. அது முடிந்தபிறகு, விட்டுப்போகிற பாடங்களில் கடினமான ஒன்றை இந்தக் கோடையிலேயே ஊரில் படித்து வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் முடிந்தும் அட்மிஷன் கடிதம் வராதவர்கள் என்ன செய்வது? கோடை வகுப்புக்குக் கட்டின காசு வீண் என்று துவண்டுபோக வேண்டாம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சில பாடங்களுக்கு ஜனவரிச் சேர்க்கை இருக்கிறது, ஜெர்மனியில் கோடைக்கால செமஸ்டர் ஏப்ரலில் தொடங்குகிறது. அந்தப் பருவத்துக்கு உங்கள் பாடம் இருக்கிறதா, கடைசி நாள் எப்போது என்று இந்த வாரமே பாருங்கள். இடையில் ஜூலைப் பருவத்து 12 வாரப் பாடம் ஒன்றில் பதிவு செய்துவிடுங்கள். கிளம்புகிறவர்களால் எழுத முடியாத தேர்வை நீங்கள் எழுத முடியும். பயிற்சிக் கடிதத்தோடு மண்டபத்துக்கோ தொண்டிக்கோ மறுபடி போய்க் கேளுங்கள். கோடைக் கூட்டம் கலைந்தபிறகு இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.